இருபத்தெட்டுக் கட்டங்கள்

அத்தியாயம் 12

"டீச்சர், எல்லாரும் இருக்காங்க. உங்களை மட்டும்தான் காணோம்."

காலை ஏழு மணிக்குத் தலைமையாசிரியர் போனில் இப்படிச் சொன்னதும் கட்டக்காரி பதறிப்போனாள். ஏதோ கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது, தான் மட்டும் மறந்துபோய் அடுப்படியில் நிற்கிறோம் என்று நினைத்துவிட்டாள்.

"சார், கூட்டம் மத்தியானம் ரெண்டு மணிக்குன்னுதானே சொன்னீங்க?"

"கூட்டத்துல இல்ல டீச்சர், அட்டவணையில. நேத்து நீங்க குடுத்துட்டுப் போன அட்டவணையில உங்களுக்குன்னு ஒரு கட்டம்கூட மிச்சமில்ல."

வாராவாரம் படித்து வருகிறவர்களுக்குக் கட்டக்காரியைத் தெரியும். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. அவள் மேட்டுப் பள்ளியில் சரித்திர டீச்சர். பதினோரு வருஷமாக அந்தப் பள்ளிக்குக் கால அட்டவணை போடுகிறவளும் அவள்தான். எந்த வகுப்புக்கு எந்த நேரத்தில் யார் போவது என்று தாள் தாளாகக் கட்டம் போட்டுப் போட்டு, வீட்டில் அதுவே பெயராகிவிட்டது. பெயர் வைத்தவர் கணவர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர்.

ஊரில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்து, மேட்டுப் பள்ளியில் தொண்ணூற்றாறு பேர், ஸ்டேஷன் பள்ளியில் நூற்றுப் பன்னிரண்டு பேர் என்று ஆகிவிட்டது. இரண்டையும் ஒன்றாக்கி மேட்டுக் கட்டடத்தில் நடத்துவது என்று முடிவானதைத்தான் போன வாரம் பார்த்தோம். ஸ்டேஷன் பள்ளியின் சரித்திர டீச்சர் வேறு யாருமில்லை, கண்ணாடிக்கடைக்காரரின் கூடப்பிறந்த தங்கை. அண்ணியும் நாத்தனாரும் பேசி நாலு மாதமாகிறது. பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "மேட்டுப் பள்ளியில பிள்ளைங்களைவிட நாற்காலிங்கதான் அதிகம்" என்றாள் நாத்தனார். ஊரே சிரித்துவிட்டு இணைப்புக்குக் கையைத் தூக்கியது. அந்தச் சிரிப்பை அண்ணியால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு ஓடினாள். அங்கேதான் பத்து நாளாகப் பெரிய தாள் விரிந்து கிடந்தது, வீட்டார் மூவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு நிறத்தில் அட்டையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு, தாளில் வைத்து, எடுத்து, மாற்றி வைத்து, எல்லாம் ஒத்துவந்த பிறகு வேறொரு தாளில் மையால் எழுதுவது அவள் வழக்கம். தனக்கென்று அவள் என்றைக்குமே அட்டை வெட்டியதில்லை. எல்லாரையும் உட்கார வைத்தபின் வெள்ளையாக மிஞ்சுகிற கட்டங்கள், பேர் எழுதாமலே, அவளுடையவை. பதினோரு வருஷமும் அப்படித்தான் மிஞ்சியது.

இந்த முறை, மேட்டுக்காரி தன் ஆட்களுக்குச் சாதகமாகப் போட்டுக்கொண்டாள் என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்று, ஸ்டேஷன் பள்ளிக்காரர்களை முதலில் உட்கார வைத்தாள். நாத்தனாருக்குப் பச்சை. சரித்திரம் வரும் இடமெல்லாம் கை தானாகப் பச்சையை எடுத்தது. கடைசியில் தாளில் ஒரு வெள்ளைக்கட்டம்கூட மிச்சமில்லை என்று கண்டதும், இப்படி ஒரு அட்டவணை தன் வாழ்நாளிலேயே போட்டதில்லை என்று பூரித்துப்போய் நேற்றுச் சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

மேஜைமேல் கிடந்த அட்டைகளை இப்போது எண்ணினாள். ஏழு பிரிவு, பிரிவுக்கு நாலு பீரியட். இருபத்தெட்டும் பச்சை.

கண்ணாடிக்கடைக்காரர் பாதி முகச்சவரத்தோடு எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஊரையே வண்டியில ஏத்திவிட்டுட்டு நீ ரோட்டுல நிக்கிறே!"

"சிரிக்காதீங்க. பீரியட் இல்லேன்னா உபரி. உபரின்னா இடமாற்றம். சரித்திரத்துக்குக் காலியா இருக்கறது ஒரே ஒரு இடம். ஆறு மணி நேரம் பஸ்ல போகணும், ஏதோ துறைமுகத்துப் பக்கம்."

சிரிப்பு நின்றது. "சரி, உன் பீரியட்டெல்லாம் யாருக்குப் போயிருக்கு?"

"உங்க தங்கச்சிக்கு."

அவர் சவரக்கத்தியை மேஜைமேல் வைத்தார். கண்கள் கலங்கின. "அவளுக்காகவா? நாலு மாசமா மூஞ்சி குடுத்துப் பேசாதவளுக்காகவா விட்டுக்குடுத்தே?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நுரை அவள் புடவையில் ஒட்டியது.

விட்டுக்கொடுக்கவில்லை, மறந்துவிட்டேன் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். கணவர் இவ்வளவு அன்பாகக் கையைப் பிடித்து வெகு காலமாகியிருந்ததால் ஒரு நிமிஷம் தாமதித்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்குள் அவர் முகம் மாறிவிட்டது.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"அவ வெளியூர் போனா அப்பா இங்க வரணும். அவ இங்கயே இருந்தா வர வேண்டாம். அதை நெனச்சு நீ..."

"நெனச்சு?"

"ஒண்ணுமில்ல. விடு."

மாமனார் இடுப்பெலும்பு முறிந்து ஒன்பது வருஷமாக மகள் வீட்டில்தான் படுக்கையில் இருக்கிறார். அந்த வீட்டில் அவரும் மகளும் மட்டும்தான். ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. படுத்த இடத்திலிருந்தே அந்த வீட்டுக்குப் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் காட்டிக்கொண்டிருப்பவர். அவரை வைத்துப் பார்த்துக்கொள்வது லேசுப்பட்ட வேலை இல்லை என்பது கட்டக்காரிக்குத் தெரியாததில்லை. அதனால்தான் பச்சையைப் போட்டோமா? இல்லவே இல்லை என்று அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அது அவளுக்கே பயமாக இருந்தது.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், வாலு, மேஜைக்கடியிலிருந்து ஷூவை இழுத்துக்கொண்டே தலையை நீட்டினாள்.

"அம்மா, நீயே வேணும்னு போட்டுக்கிட்டியா? போன மாசம் சொன்னியே, எல்லாரையும் விட்டுட்டு எங்கயாவது போயிடணும்னு?"

"அது அடுப்புல கேஸ் தீர்ந்துபோன அன்னிக்குச் சொன்னதுடி."

"மனசுல இல்லாமயா வாயில வரும்?"

ஒருத்தர் தியாகம் என்கிறார், அவரே சூழ்ச்சி என்கிறார், இன்னொருத்தி ஓட்டம் என்கிறாள். மூன்றையும் கேட்கக் கேட்க, மூன்றுமே உண்மைபோல் இருந்தன. வெறும் மறதி என்று சொன்னால் நம்பத்தான் ஆளில்லை. பள்ளிக்கு நடந்து போகும்போது அவளுக்கே அந்த மறதிமேல் நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது.

தலைமையாசிரியர் அறையில் நாற்காலிகளுக்கு நடுவே நடக்க வழியில்லை. ஸ்டேஷன் பள்ளியிலிருந்து நேற்று வந்திறங்கிய பீரோ ஒன்று கதவைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றது. அவர் ஓய்வு பெற ஐந்து மாதம்தான் இருக்கிறது. அதுவரை யாரும் தன்னை எதற்கும் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டுவிடக் கூடாது என்பதே அவருடைய ஒரே ஆசை.

"இது ஒண்ணும் தர்மசங்கடமான விஷயம் இல்ல டீச்சர். இருபத்தெட்டு பீரியட், ஒரே ஆள் வேலை. நீங்க அவங்களைவிட ரெண்டு வருஷம் சீனியர். முறைப்படி அது உங்களுக்குச் சேரவேண்டியது."

"அப்ப மேலிடத்துலயே சீனியாரிட்டி பார்த்து மாத்திக்கமாட்டாங்களா சார்?"

"எங்க பார்ப்பாங்க? அட்டவணையில யாருக்குப் பீரியட் இல்லையோ அந்தப் பேரை எடுத்து உபரின்னு எழுதிடுவாங்க. பார்த்துப் போடவேண்டியது நாமதான். ஒரு பேரை அழிச்சு ஒரு பேரை எழுதறது, பத்து நிமிஷ வேலை. நாலு மணிக்கு நான் அனுப்பியாகணும். அப்புறம் கடவுளே வந்தாலும் மாத்த முடியாது."

பத்து நிமிஷ வேலைதான். தாளை எடுத்துக்கொண்டு வரைபட அறையில் போய் உட்கார்ந்தவள், மதியம் வரை பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தாள்.

மாற்றினால் வேலை நிற்கும், வாலுவை விட்டுப் போக வேண்டாம். நாத்தனார் துறைமுகத்துக்குப் போவாள், மாமனார் வீட்டுக்கு வருவார், நாற்காலிப் பேச்சுக்குப் பழி வாங்கிவிட்டாள் என்று ஊர் பேசும். மாற்றாவிட்டால் ஆறு மணி நேரத் தொலைவில் தனி அறை, மாதம் இரண்டு முறை பஸ், பத்தாம் வகுப்புக்குப் போகப்போகிற பெண்ணை யார் பார்ப்பது? மாற்றுவதுதான் சரி என்று நூறு தடவை தெரிந்தது. கை மட்டும் வரவில்லை. சரி என்று தெரிந்தபிறகும் கை ஏன் வரவில்லை என்பதுதான் அவளைப் போட்டுக் குழப்பியது.

இரண்டு மணிக்கு ஸ்டேஷன் பள்ளிக்காரர்கள் வந்தார்கள். தங்கள் சுவர்க்கடிகாரத்தையும் கையோடு கொண்டுவந்து, ஆசிரியர் அறையில் மேட்டுக் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே ஆணியடித்து மாட்டினார்கள். அது நாலு நிமிஷம் முந்தி ஓடியது. எது சரி என்று இரண்டு பக்கமும் வாதம் நடந்ததே தவிர, முள்ளைத் திருப்ப யாரும் தயாராக இல்லை. கூட்டம் பாதியும் அதிலேயே போயிற்று.

மூன்றரை மணிக்கு, கூட்டம் கலைந்து அவள் மறுபடி போய் உட்கார்ந்ததும், வரைபட அறைக் கதவு படாரென்று திறந்தது. கை நிறையச் சுருட்டிய வரைபடங்களோடு நாத்தனார். அட்டவணை விஷயத்தைத் தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க?"

நாலு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. உன்னை யார் என்மேல் இரக்கப்படச் சொன்னது என்று கேட்கப்போகிறாள், இல்லை அண்ணன் மாதிரியே அப்பா பேச்சை எடுக்கப்போகிறாள் என்று கட்டக்காரி இரண்டுக்கும் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என் குடியைக் கெடுத்துட்டீங்களே அண்ணி!"

"என்ன சொல்றே? இருபத்தெட்டும் உனக்குத்தானே போட்டிருக்கேன்?"

"அதைத்தான் சொல்றேன்!" வரைபடங்களைத் தரையில் போட்டுவிட்டு, கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்துகொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "நான் ஜூனியர். ரெண்டு பள்ளியும் ஒண்ணாச்சுன்னா உபரிப் பட்டியல்ல என் பேருதான் முதல்ல வரும். மூணு தடவை எண்ணிப் பார்த்துட்டுத்தான் அன்னிக்கு மைக்கையே பிடிச்சேன்."

கட்டக்காரிக்கு ஒன்றும் ஓடவில்லை. "நாற்காலி கதை சொன்னது..."

"எப்படியாவது ரெண்டும் சேரணும்னுதான். உங்க பள்ளியை மட்டம் தட்டணும்னு இல்ல அண்ணி. வேற நல்ல ஜோக்கு தோணல."

"உனக்குப் போகணுமா?"

"போகணும்." அவள் அதைச் சொன்ன விதத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. இன்றைக்குக் காலையிலிருந்து கட்டக்காரி கேட்ட பேச்சுகளில் சந்தேகமில்லாமல் வந்தது அது ஒன்றுதான். "ஒன்பது வருஷம் அண்ணி. ஒரு ராத்திரி முழுசாத் தூங்கினதில்ல. அந்த ஊர்ல ஒரு ரூம் எடுத்து, கதவைச் சாத்திட்டு, யாரும் கூப்பிடாம ஒரு ஞாயித்துக்கிழமை பூரா தூங்கணும். அவ்வளவுதான் ஆசை."

"வாயைத் திறந்து எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? பெத்த அப்பாவைப் பாத்துக்க முடியலன்னு ஒரு பொண்ணு சொல்லலாமா? அண்ணன் என்னை என்னன்னு நெனப்பான்? ஆர்டர்னு ஒண்ணு வந்தா யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். பாவம், அனுப்பிட்டாங்கன்னு ஊரே எனக்காக அழும்."

"என்னை?"

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை போலும். "உங்களைத் திட்டும்" என்றாள்.

கட்டக்காரிக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. நாலு மாதமாக இவள்மேல் வளர்த்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தெரியவில்லை. ஒன்பது வருஷத்தில் ஒரு நாளாவது அந்த வீட்டில் போய்ப் படுத்து, நீ தூங்கு என்று இவளிடம் சொன்னோமா என்று நினைத்தபோது நெஞ்சு வலித்தது.

"நீ எனக்கு வேலையைக் குடுக்கறியா, உங்கப்பாவைக் குடுக்கறியா?"

"ரெண்டும் ஒரே பொட்டலம் அண்ணி. பிரிச்சு எடுக்க முடியாது." சொல்லிவிட்டு அவள் கிட்டே வந்தாள். "ஒண்ணே ஒண்ணு. நான் கேட்டேன்னு யாருக்கும் தெரியக் கூடாது. அண்ணனுக்குக் கூடவே கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"சரி" என்றாள் கட்டக்காரி. யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது.

ஸ்டேஷன் கடிகாரத்தில் நாலு மணி அடித்தது. மேட்டுக் கடிகாரத்தில் இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. பத்து நிமிஷ வேலைக்கு அந்த நாலு நிமிஷமே போதுமாயிற்று; ஒரு பேரை வெள்ளை மையால் அழித்து, ஊதிக் காயவைத்து, இருபத்தெட்டு தடவை தன் பேரை எழுதினாள். பதினோரு வருஷத்தில் அந்தத் தாளில் அவள் தன் பேரை எழுதுவது இதுவே முதல் தடவை. கடைசிக் கட்டத்தில் கையெழுத்து கோணிப்போயிற்று. ஆசிரியர் அறையில் காத்திருந்த தலைமையாசிரியர் ஒரு வார்த்தையும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனார், அனுப்பினார், திரும்பி வந்து "முடிஞ்சுது" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தானா கண்ணாடிக்கடைக்காரர் வர வேண்டும்! கடையை மூடிவிட்டு, வாலுவையும் வகுப்பு வாசலிலிருந்து அழைத்துக்கொண்டு, மூச்சிரைக்க ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார். காலையில் சந்தேகப்பட்டது பகல் முழுக்க அவரை அரித்திருக்கிறது. வந்த ஒருவருக்கு இடது கண்ணாடியை வலதில் மாட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"என்னை மன்னிச்சிரு" என்றார், இரண்டு பள்ளி ஆசிரியர்களும் இருக்கிற அறையில், எல்லார் முன்னாலும். "என் தங்கச்சிக்காக உன் வேலையையே குடுத்திருக்கே. நான் அதைப் போய்க் கேவலமா நெனச்சேன். நீ தைரியமாப் போய்ட்டு வா. வாலுவை நான் பாத்துக்கறேன். சார், உங்களுக்குத் தெரியுமா, இவ மாதிரி ஒரு மனுஷி..."

தலைமையாசிரியர் தன் அறைக்குள், பீரோவுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டார்.

"மாத்திட்டேங்க" என்றாள் கட்டக்காரி.

"என்னது?"

"அட்டவணையை மாத்திட்டேன். இருபத்தெட்டும் எனக்கு. உங்க தங்கச்சி பேரு உபரிப் பட்டியல்ல போயிடுச்சு."

"நீயா மாத்தினே?"

"நான்தான்."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் முந்தானையை வாயில் வைத்து அழத் தொடங்கியிருந்தாள். தோள் குலுங்கக் குலுங்க, அடக்க முடியாத அழுகை. நடிக்கிறாளா, இல்லை ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து நிஜமாகவே அழுகிறாளா என்று கட்டக்காரிக்குப் புரியவில்லை. நாத்தனாருக்கே புரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

"கேக்கல" என்றாள்.

கண்ணாடிக்கடைக்காரர் தங்கையின் தலையில் கையை வைத்தார். அவர் மனைவியைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. யார் இவள் என்று கேட்கிற பார்வை. வாலு அப்பா பக்கம் ஒரு அடி நகர்ந்து நின்றதை அவள் பார்த்தாள். தொண்டை வரை வந்த உண்மையைச் சத்தியம் பிடித்துக் கீழே இழுத்தது.

நாத்தனாரின் கைப்பையில் போன் அடித்தது. நின்று, மறுபடி அடித்தது. அவள் அழுகையை நிறுத்தி, மூக்கைத் துடைத்து, போனை எடுத்துப் பேர் பார்த்தாள். அப்பா. பச்சைப் பொத்தானை அமுக்கினாள், ஆனால் காதில் வைத்துக்கொள்ளவில்லை. அண்ணியின் கையில் வைத்தாள்.

"இனிமே நீங்கதானே அண்ணி" என்றாள்.

அண்ணனுக்குக் குத்தலாகக் கேட்டிருக்கும். அண்ணிக்கு எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிக் கேட்டது.

"எவ்வளவு நேரமாக் கூப்பிடறது? எங்கம்மா இருக்கே?" என்றது போன்.

"நான்தான் மாமா. மருமக."

"நீயா? நீ எதுக்கு எடுக்கறே? அவ எங்க?"

கட்டக்காரி நிமிர்ந்தாள். நாத்தனார் அறையில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே, பிள்ளைகளெல்லாம் போய்விட்ட மைதானத்தின் நடுவில், பையும் இல்லாமல் வரைபடமும் இல்லாமல், வாசல் எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் வெறும் கையை வீசி நடந்துகொண்டிருந்தாள்.

"கேக்குதா? என் பொண்ணு எங்கன்னு கேக்கறேன்!"

கணவரும் மகளும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.